பினாங்கு மெரிக்கான்களின் பெயர் வந்த வழி

பினாங்கு, கெடா, பெர்லிஸ், பேராக் ஆகிய வட மாநிலங்களில் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு, வழக்கறிஞர் அலுவலகப் பெயர்ப் பலகை, நாளேட்டின் இரங்கல் அறிவிப்பு என எதைப் புரட்டினாலும் ‘மெரிக்கான்’ என்ற பெயர் என்றைக்காவது கண்ணில் படாமல் இராது. சில குடும்பங்கள் அதை ‘மரிக்கான்’ என்று எழுதுகின்றன. என் அடையாள அட்டையிலும் அந்தப் பெயர் இருக்கிறது. என் வாப்பாவின் பெயரிலும், அவருடைய வாப்பாவின் பெயரிலும் இருந்தது. இதை முதன்முதலாகக் கேட்பவர்களில் பலர் அரபுப் பெயரோ என்று நினைக்கிறார்கள். மலாய்ப் பெயர் என்று முடிவு செய்துவிடுபவர்கள் உண்டு. அமெரிக்காவோடு ஏதேனும் தொடர்பா என்று கேட்டவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். சென்ற நோன்புப் பெருநாளன்று சுபாங் ஜெயாவிலிருந்து வந்திருந்த என் தம்பி மகன், “பெரியவாப்பா, நம் பெயருக்கு அரபியில் என்ன பொருள்?” என்று கேட்டான். ‘மரைக்காயர்’ என்னும் தமிழ்க் கடற்கரைப் பட்டத்தின் மறுவடிவம் அது என்று நான் சொன்னபோது, கூடத்தில் அமர்ந்திருந்த இளையவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை. விருந்தினர்கள் வந்துபோய்க்கொண்டிருந்த அந்த வேளையில் முழுவதையும் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

தமிழர்களிடம் மேலைநாட்டு முறையிலான குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். சில குடும்பங்களில் ஊரின் முதலெழுத்தும் சேரும். மலேசியப் பிறப்புப் பத்திரத்தில் அந்த முதலெழுத்து விரிந்து, மகனுக்கு ‘அனாக் லெலாக்கி’, மகளுக்கு ‘அனாக் பெரெம்புவான்’ என்ற குறிப்போடு தந்தையின் முழுப்பெயராக நிற்கிறது. முஸ்லிம்களுக்கு ‘பின்’, ‘பிந்தி’ என்று வருகிறது. இம்முறையில் பின்பாதி தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். பாட்டனாரின் பெயர் பேரனின் பத்திரத்தில் எங்கும் இராது. தலைமுறைகளைத் தாண்டி நிற்கக்கூடியவை பிள்ளை, முதலியார், செட்டியார் போன்ற பட்டங்கள் மட்டுமே. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களிடம் அப்பட்டங்கள் குடும்பப் பெயர்களாகவே உறைந்துவிட்டன. முதலி அங்கே ‘மூட்லி’ ஆனார். படையாட்சி, நாயக்கர் ஆகியோரும் ஆங்கில எழுத்தில் புது வடிவம் பெற்றனர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்களிடம் பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு நூறாண்டுக்கும் முன்பே கப்பல் வணிகர்களாக இந்தத் தீவில் கால் பதித்த தமிழ் முஸ்லிம்களிடம் நடந்தது. மெரிக்கான் என்பது அவ்வாறு உறைந்த பெயர்களில் முதன்மையானது என்பது என் எண்ணம்.

‘மரைக்காயர்’ என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு கருத்துகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஒன்று, கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது. அதற்கு ஒரு கதையும் உண்டு. ஆங்கிலேயர் காலத்து இனவரைவுப் பதிவுகளில் அது எழுதப்பட்டிருக்கிறது. அரபு வணிகர்கள் முதன்முதலில் நம் கரையில் வந்திறங்கியபோது, நீங்கள் யார், எதில் வந்தீர்கள் என்று உள்ளூரார் கேட்டார்களாம். மொழி தெரியாத அவர்கள் தங்கள் கலங்களைக் கையால் சுட்டி ‘மர்கப், மர்கப்’ என்றார்களாம். அதனாலேயே அவர்கள் மரைக்காயர் எனப்பட்டார்களாம். மற்றொன்று, ‘மரக்கலம்’ என்ற தமிழ்ச் சொல்லே வேர் என்பது. மரக்கலங்களுக்கு உரிமையுடையவர், மரக்கலங்களின் தலைவர் என்ற பொருளில் ‘மரக்கலராயர்’ என்ற வடிவம் முதலில் வழங்கி, பிறகு மரக்காயர் என்றும் மரைக்காயர் என்றும் தேய்ந்தது என்று இக்கருத்தினர் சொல்வர்.

என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. கதை இனிமையாக இருப்பதாலேயே அது வரலாறு ஆகிவிடாது. மர்கப் என்ற சொல்லின் இறுதி ஒலி ‘காயர்’ என்று மாறியதற்கு ஒலிவழியில் தெளிவான படிகள் இல்லை. மரக்கலத்திலிருந்து வருவதற்கு மட்டும் படிகள் எல்லாம் தெளிவாக இருக்கின்றனவா என்று கேட்டால், அங்கும் சில இடைவெளிகள் உண்டு. இருந்தாலும் அண்டை மொழிகளில் கிடைக்கும் சான்று வலுவானது. இலங்கையில் சிங்களவர் முஸ்லிம்களைக் குறிக்கப் பேச்சு வழக்கில் ‘மரக்கல’ என்ற சொல்லைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். தமிழின் மரக்கலம் அதில் கிட்டத்தட்ட முழுமையாகவே நிற்கிறது. மலையாளத்தில் ‘மரக்கார்’ என்கிறார்கள்; அங்கும் ‘மரம்’ என்ற முதற்பகுதி தெளிவாகக் கேட்கிறது. கட்டுமரம் என்று இன்றும் சொல்கிறோம். மரம் என்றாலே கலம் என்று பொருள்பட்ட ஒரு கடற்கரை வழக்கு நமக்கு உண்டு. எந்தக் கருத்தை ஏற்றாலும் ஒன்று மட்டும் உறுதி. இது குலதெய்வத்தையோ, பூர்விக ஊரையோ, உழுத நிலத்தையோ குறிக்கும் பெயராக இல்லை. கப்பலைக் குறிக்கும் பெயராக இருக்கிறது.

அந்தப் பட்டத்தைத் தாங்கியவர்கள் காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை, பழவேற்காடு என்று தென்கோடியிலிருந்து சென்னைக்கு வடக்கு வரையிலும் கடலோரத்திலேயே வாழ்ந்தார்கள். தமிழ் முஸ்லிம்களிடையே மரைக்காயர், லெப்பை, இராவுத்தர் என்ற மூன்று பெயர்கள் சேர்த்தே பேசப்படும். கடலோர மரைக்காயர்கள் அரபு வணிகர்களிடமிருந்து பெற்ற ஷாஃபி மத்ஹப் என்னும் மார்க்கச் சட்ட மரபைப் பின்பற்ற, உள்நாட்டில் குதிரையோடும் குதிரைப் படையோடும் தொடர்புடையவர்களாகச் சொல்லப்படும் இராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றினார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் திருமணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வருவார். வீடும் பெண்ணுக்கே சேரும். பட்டம் தந்தை வழியிலும் வீடு தாய் வழியிலும் இறங்கிய அந்த ஏற்பாட்டை, ஆண்டில் பாதியைக் கடலிலும் அயல் துறைமுகங்களிலும் கழித்த ஆண்களின் சமூகம் தன் பெண்களுக்குச் செய்து வைத்த பாதுகாப்பாகவே நான் பார்க்கிறேன்.

மரைக்காயர்களில் தமிழ்நாடே அறிந்தவர் கீழக்கரையின் சீதக்காதி. ஷெய்கு அப்துல் காதிர் என்பது அவருடைய இயற்பெயர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியின் நண்பராகவும், மிளகு, அரிசி, துணி வணிகத்தில் டச்சுக்காரர்களுக்கே போட்டியாகவும் இருந்தவர். டச்சு ஆவணங்களில் மீண்டும் மீண்டும் வரும் பெரியதம்பி மரைக்காயர் அவரே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்ற பழமொழியைப் பினாங்குத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் அவருடைய பட்டமும் தம் பக்கத்து வீட்டு மெரிக்கானின் பெயரும் ஒன்றே என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடிய சீறாப்புராணத்தை உமறுப் புலவர் இயற்றச் சீதக்காதி ஆதரவு தந்தார். அவருக்குப் பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றார். கப்பல் வைத்திருந்தவர்களே காப்பியத்தையும் வளர்த்தார்கள்.

மேற்குக் கடற்கரையில் இதே பட்டம் போர்க்களத்தில் புகழ் பெற்றது. கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாக இருந்த குஞ்ஞாலி மரைக்காயர்கள் 16ஆம் நூற்றாண்டு முழுவதும் போர்த்துக்கீசியரை எதிர்த்து நின்றனர். அவர்களில் நான்காமவர் சாமூதிரியோடு பிணங்கிய பின் பிடிபட்டு, 1600ஆம் ஆண்டில் கோவாவில் கொல்லப்பட்டார்.

இனிப் பினாங்குக்கு வருகிறேன். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றியபோது சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்களுக்கு இந்தக் கடல் புதிதாக இருக்கவில்லை. ‘சூலியா’ என்று இங்கு அழைக்கப்பட்ட அவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே எதிர்க்கரையில் உள்ள கெடாவில் கடை வைத்திருந்தார்கள்; துணியைக் கொண்டுவந்து, பாக்கும் மிளகும் ஈயமும் வாங்கிப் போனார்கள்; கெடாவின் யானைகளைக்கூடக் கப்பலேற்றி வங்கக் கடலைக் கடந்தார்கள். புதிய துறைமுகத்தில் சுங்கம் இல்லை என்று தெரிந்ததும் அவர்களில் பலர் இங்கே இடம்பெயர்ந்தார்கள். 1794ஆம் ஆண்டில் லைட் எழுதிய அறிக்கையில், குடியிருக்கும் சூலியாக்கள் ஏறத்தாழ 1,000 பேர் என்றும், ஒவ்வோர் ஆண்டும் சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, சிறிது பொருள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்றும், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்றும் குறித்திருக்கிறார். பருவக்காற்றுக்குக் கட்டுப்பட்ட போக்குவரத்து அது. திரும்பிப் போகாமல் நின்றுவிட்டவர்களின் பிள்ளைகளே நாங்கள்.

அந்தக் காலத்தின் முதல் பெரிய பெயர் காதர் முகைதீன் மெரிக்கான். தமிழ் முஸ்லிம்களின் தலைவராகக் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் ‘கப்பித்தான்’ என்று நியமிக்கப்பட்டவர். 1801ஆம் ஆண்டில் கம்பெனி அளித்த நிலத்தில் பள்ளிவாசல் எழக் காரணமானவர். 1834ஆம் ஆண்டில் மறைந்தவர். கப்பித்தான் பள்ளிவாசல் என்று அவர் பெயரால் நிற்கும் அந்தக் கட்டடத்தின் மஞ்சள் குவிமாடங்களைப் பார்க்க உலகமெங்கிருந்தும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அருகே கம்போங் கோலாம் சாலையில் உள்ள அவருடைய கல்லறைக்கு அந்தக் கூட்டத்தில் பாதிகூடப் போவதில்லை. போக வேண்டிய இடம் அது. சூலியா தெருவும், அங்குள்ள நாகூர் தர்காவும், நூர்தீன் குடும்பத்தாரின் கல்லறையும் நடந்தே போய்வரக்கூடிய தொலைவில் இருக்கின்றன. நம் ஊரார் கடலைக் கடந்து வந்து என்ன செய்தார்கள் என்பதை அந்த ஒரு நடையில் பார்த்துவிடலாம்.

இப்பொழுது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ‘மரைக்காயர்’ எப்படி ‘மெரிக்கான்’ ஆனது? எழுத்தர் தவறாக எழுதிவிட்டார் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். எல்லாப் புலம்பெயர்ந்த குடும்பங்களிலும் இப்படி ஒரு எழுத்தர் இருக்கிறார். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. ஏனென்றால் ஒரே மாதிரியான ‘தவறு’ நூற்றுக்கணக்கான குடும்பங்களில் நேர்ந்திருக்க முடியாது. அதற்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும்.

முதலில் இறுதியில் உள்ள ‘ன்’. தமிழில் ‘ஆர்’ என்பது மரியாதை விகுதி. மற்றவர் நம்மைக் குறிக்கும்போது சேர்ப்பது. தன் பெயரைத் தானே சொல்லும்போதும், பழைய பத்திரங்களில் கையெழுத்திடும்போதும், அந்த விகுதியை விட்டுவிடுவதே பணிவு. செட்டியார்கள் பத்திரங்களில் ‘செட்டி’ என்றே எழுதிக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் முதலியார் ‘மூட்லி’ ஆனதற்கும், செட்டியார் ‘செட்டி’ ஆனதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். மரைக்காயரும் அவ்வாறே தன்னைச் சொல்லிக்கொண்டபோது மரைக்காயன், மரைக்கான் என்று வந்திருக்கும். கம்பெனி எழுத்தர் காதில் விழுந்தது அதுவே என்று நான் நம்புகிறேன். இலங்கையிலும் காரைக்காலிலும் ‘ர்’ நிலைத்து ‘மரிக்கார்’ என்றானதும், இங்கே ‘ன்’ நிலைத்து ‘மரிக்கான்’ என்றானதும், அந்தப் பெயர் யார் வாயிலிருந்து பதிவேட்டுக்குப் போனது என்பதைப் பொறுத்ததாக இருக்கலாம். இங்குள்ள மலாய்ப் பேச்சும் இதற்குத் துணை நின்றிருக்கும். வடக்கு மாநிலத்து மலாய்க்காரர்கள் சொல்லின் இறுதியில் உள்ள ‘ர்’ ஒலியை நாம் சொல்வதுபோல் சொல்வதில்லை. ‘பெசார்’ என்பது அவர்கள் வாயில் ‘பெசாக்’ என்பதற்கு நெருக்கமாகத் தொண்டையில் முடியும். ‘ன்’ என்ற ஒலிக்கு அந்த இடர் இல்லை.

அடுத்தது முதலில் உள்ள ‘மெ’. மலாய் மொழியில் சொல்லின் முதல் அசையில் வரும் அழுத்தமற்ற உயிர், பாதி விழுங்கிய ஒலியாகத் தேய்ந்துவிடும். ஆங்கில எழுத்தில் அதை ‘எ’ என்று எழுதுவது வழக்கம். ‘மரிக்கான்’ வீட்டு ஆண்கள் மலாய் பேசும் பெண்களை மணந்து, பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசத் தொடங்கியதும், முதல் அசை தேய்ந்து ‘மெரிக்கான்’ ஆனது. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியில் இந்த வேறுபாடே தெரியாது. எங்கள் குடும்பத்துப் பழைய மீசான் கல் (கல்லறைக் கல்) ஒன்றில் மீம், ரா, யா, காஃப், நூன் என்ற ஐந்து எழுத்துகள் மட்டுமே இருக்கின்றன. மழையில் நனைந்து பச்சை படர்ந்த அந்தக் கல்லை விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது. மரிக்கான் என்று படிப்பவர் அப்படிப் படிக்கலாம். மெரிக்கான் என்று படிப்பவர் அப்படியும் படிக்கலாம். ரோமன் எழுத்தில் பிறப்புப் பத்திரம் எழுதும் காலம் வந்த பிறகுதான் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒன்றில் நிலைகொள்ள நேர்ந்தது. அப்படி நிலைகொண்டபோது அண்ணன் ஒரு விதமாகவும் தம்பி ஒரு விதமாகவும் பதிந்த குடும்பங்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு வம்சம் என்று இன்றைய பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். அது பெரும் இழப்பு. திருத்த வேண்டிய இழப்பு.

மூன்றாவதாக நடுவில் உள்ள ‘க’. ஆங்கிலேயர் காலத்தில் அதை ‘சி’ என்ற ஆங்கில எழுத்தால் எழுதினார்கள். ஆங்கில வழக்கில் அது ‘க’ என ஒலிக்கும். 1972ஆம் ஆண்டின் மலாய் எழுத்துச் சீர்திருத்தத்தில் அதே எழுத்துக்கு ‘ச்ச’ என்ற ஒலி தரப்பட்டது. அதனால் தெற்கிலிருந்து மாற்றலாகி வரும் இளம் ஆசிரியை ஒருவர் வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் ‘மெரிச்சான்’ என்று கூப்பிடுவதும், பிள்ளை எழுந்து நின்று “மெரிக்கான், டீச்சர்” என்று திருத்துவதும் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நடக்கிறது. எழுத்தை மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது என்பேன். பெயரில் நிற்கும் அந்தப் பழைய எழுத்துக்கூட்டே, அது எந்தக் காலத்தில் எந்த ஆட்சியில் பதிவானது என்பதற்குச் சான்று.

பெயர் அமையும் முறையும் கவனிக்கத் தக்கது. மேலைநாட்டுக் குடும்பப் பெயர் முழுப்பெயரின் இறுதியில் ஒருமுறை வரும். எங்களுக்கு அது இரண்டு முறை வருகிறது. மகனின் பெயரோடு ஒரு மெரிக்கான், பிறகு ‘பின்’, பிறகு தந்தையின் பெயரோடு இன்னொரு மெரிக்கான். 2013 முதல் 2022 வரை கெப்பாளா பத்தாஸ் நாடாளுமன்ற உறுப்பினராகவும், இடையில் அமைச்சராகவும் இருந்த ரீசால் மெரிக்கான் நைனா மெரிக்கான் பெயரைப் பார்த்தால் இது விளங்கும். அரபு முறையின் ‘பின்’, தமிழ்ப் பட்டம், மலாய்ப் பதிவேடு ஆகிய மூன்றும் ஒரே வரியில் ஒன்றுக்கொன்று இடம் விட்டு அமர்ந்திருக்கின்றன. அதிலுள்ள ‘நைனா’ என்பதும் தந்தையை, பெரியவரைக் குறிக்கும் நம் பக்கத்துச் சொல்லே. 1511ஆம் ஆண்டில் மலாக்காவைப் போர்த்துக்கீசியர் கைப்பற்றியபோது அங்கிருந்த பெரும் வணிகர் ஒருவர் ‘நைனா சத்து’ என்று அவர்களுடைய ஆவணங்களில் குறிக்கப்படுகிறார், அவர் இந்து. கடல் வணிகர்களிடையே மதம் கடந்து வழங்கிய மரியாதைச் சொல் அது. எங்கள் குடும்பத்தில் பெண்களின் பெயரிலும் மெரிக்கான் உண்டு. திருமணத்துக்குப் பின்னும் அது மாறுவதில்லை.

தாய்நாட்டில் அது இந்த அளவுக்குக் குடும்பப் பெயராக இறுகவில்லை என்பதற்கு இராமேசுவரத்துக் குடும்பம் ஒன்றே போதிய சான்று. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் மரைக்காயர், படகு வைத்திருந்தவர், பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர். 2021ஆம் ஆண்டில் 104 வயதில் காலமான மூத்த மகனின் பெயரில் மரைக்காயர் இருந்தது. இளைய மகன் அப்துல் கலாமின் பெயரில் இல்லை. ஒரே வீட்டில் ஒருவர் பட்டத்தை எழுதினார், மற்றவர் எழுதவில்லை; யாரும் அதைக் குறையாக எண்ணவில்லை. புதுச்சேரியில் 1967ஆம் ஆண்டில் முதன்முறை முதலமைச்சரான காரைக்காலின் பாரூக், ‘பாரூக் மரைக்காயர்’ என்றும் வெறும் பாரூக் என்றும் இரு வகையாகவும் அழைக்கப்பட்டார். இலங்கையில் 1956ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க அமைச்சரவையில் இருந்த மரிக்கார், பிற்காலத்தில் நாடாளுமன்ற சபாநாயகராக இருந்த பாக்கீர் மாக்கார் ஆகியோர் பெயரிலும் நிற்பது இதுவே. இலங்கையின் கிழக்குக் கரையிலோ மரைக்காயர் என்பது பெயரே அன்று, பதவி. அங்குள்ள முஸ்லிம்கள் தாய்வழிக் குடிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடியின் சார்பிலும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமரும் பெரியவரே ‘மரைக்காயர்’. கப்பல் தலைவனைக் குறித்த சொல், நிலத்தில் நின்றபோது பள்ளிவாசல் தலைவனைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

இதோடு சேர்த்து மற்ற இரண்டு பட்டங்களும் மலேசியாவில் என்ன ஆயின என்று பார்ப்பது பயனுள்ளது. இராவுத்தர் பெரும்பாலும் பட்டமாகவே நின்றுவிட்டது. சில குடும்பங்கள் பெயரில் வைத்திருக்கின்றன. லெப்பையோ மலாய் மொழிக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டது. மார்க்கக் கல்வியும் தொழுகையும் உடைய மனிதரை மலாய்க்காரர்கள் ‘லெபாய்’ என்கிறார்கள். அவர்களுடைய நாட்டுப்புறக் கதைகளில் லெபாய் ஒரு நிலையான பாத்திரம். தமிழ்க் கரையிலிருந்து வந்த ஆலிம்கள் இந்த மண்ணில் என்ன தொழில் செய்தார்கள் என்பதை அந்த ஒரு சொல் காட்டுகிறது. ஒரே கடற்கரையிலிருந்து ஒரே கப்பலில் வந்த பட்டங்களில் ஒன்று அகராதிக்குள் நுழைந்தது, ஒன்று பதிவேட்டுக்குள் நுழைந்தது.

எங்கள் இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். மெரிக்கான் குடும்பங்களில் மிகப் பலர் இன்று மலாய்க்காரர்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆம் விதி, இஸ்லாத்தைத் தழுவி, வழக்கமாக மலாய் பேசி, மலாய்ப் பழக்கவழக்கங்களைப் பின்பற்றுபவரை மலாய்க்காரர் என்று வரையறுக்கிறது. தமிழ்த் தந்தையும் மலாய்த் தாயும் சேர்ந்து உருவான ஜாவி பெரானாக்கான் சமூகம் அந்த வரையறைக்குள் எளிதாகவே வந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் உம்மாவின் தாயார் கெடாவின் ‘யான்’ பகுதியைச் சேர்ந்த மலாய்ப் பெண்மணி. அவர் மடியில் நான் முதலில் கற்றது மலாய்தான். தமிழ் எனக்கு வாப்பா வழியில் வந்தது. சூலியா தெருவில் அவர் வைத்திருந்த சிறிய கடையில் நாணய மாற்றுக் கணக்கைத் தமிழ் எண்களில் எழுதும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் எழுதிய க, உ, ங என்ற எண்களை எழுத்தென்று நினைத்து நான் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பேன். என் தம்பி பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தமிழிலிருந்து அவர்களிடம் எஞ்சியிருப்பது சில உறவுச் சொற்களும், மீன் குழம்பின் பெயரும், இந்தக் குடும்பப் பெயருமே.

ஆகவே ‘அது அரபியிலிருந்து வந்தது’ என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அரபு வணிகர்களின் இரத்தம் மரைக்காயர்களிடம் கலந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களுடைய மத்ஹபே அதற்குச் சான்று. ஆனால் பட்டத்துக்கு உருவம் கொடுத்த மொழி தமிழ். அதைத் தாங்கியவர்கள் வளர்த்த காப்பியத்தின் மொழி தமிழ். கடலைக் கடந்து கொண்டுவந்தவர்கள் பேசிய மொழி தமிழ். மலாய்க்காரராக வாழும் ஒரு மெரிக்கான் தன் பெயரைத் தமிழ்ப் பெயர் என்று சொல்வதால் அவர் மலாய்க்காரர் அல்லாமல் ஆகிவிடமாட்டார். அதேபோல, அவர் தமிழ் பேசவில்லை என்பதால் அந்தப் பெயர் நமக்கு அந்நியமாகிவிட்டது என்று தமிழர்களாகிய நாமும் எண்ண வேண்டியதில்லை. பினாங்குத் தமிழர் வரலாறு என்று பேசும் கூட்டங்களில் தோட்டத்துக்கு வந்தவர்களின் கதையை நாம் விரிவாகச் சொல்கிறோம்; அது சொல்லப்பட வேண்டிய கதைதான். ஆனால் அதற்கு முன்னால் வந்து, துறைமுகத்தையும் சந்தையையும் பள்ளிவாசலையும் எழுப்பியவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அவர்கள் வேறு பதிவேட்டுக்குப் போய்விட்டதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் குடும்பத்திலும் மெரிக்கான், மரிக்கான் என்ற பெயர் இருந்தால், செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டில் உள்ள பழைய நிக்காஹ் பத்திரம், நிலப் பத்திரம், வக்ஃப் (அறக்கொடை) ஆவணம் ஆகியவற்றில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டில் அடையாள அட்டை வழங்கத் தொடங்கிய காலத்துக்கு முந்தியவையே அதிகம் சொல்லும். அதற்குப் பிந்தியவற்றில் எழுத்துக்கூட்டு பெரும்பாலும் ஒருவழிப்பட்டுவிட்டது. தமிழில் கையெழுத்து இருந்தால் அது பொன்னுக்கு நிகர்; அதில் ‘மரைக்காயர்’ என்றோ ‘மரைக்கான்’ என்றோ இருப்பதை வைத்து, மேலே நான் சொன்ன ‘ன்’ பற்றிய ஊகத்தை ஏற்கவோ தள்ளவோ முடியும். கல்லறைக் கற்களைச் சுண்ணாம்பு பூசிப் புதுப்பிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். பூச்சு ஏறிய பின் எழுத்து திரும்ப வராது. ஊர்ப் பெயர் தெரிந்த முதியவர் யாரேனும் இருந்தால் அவரிடம் நாகூரா, பரங்கிப்பேட்டையா, கீழக்கரையா என்று கேட்டு எழுதி வையுங்கள்.

என் தம்பி மகனுக்கு அடுத்த மாதம் மகள் பிறக்க இருக்கிறாள். பிறப்புப் பத்திரத்தில் மெரிக்கான் என்று, பழைய எழுத்துக்கூட்டிலேயே பதிவதாகச் சொல்லியிருக்கிறான். குழந்தை பிறந்ததற்காக நடத்தும் அகீகா விருந்தின் அழைப்பிதழில் மலாய்க்குக் கீழே தமிழிலும் பெயரை அச்சிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அங்கே ‘மரைக்காயர்’ என்று எழுதுவதா, ‘மெரிக்கான்’ என்று எழுதுவதா என்பதில் எனக்கும் என் ராத்தாவுக்கும் (அக்காவுக்கும்) இன்னும் ஒத்துவரவில்லை. பதிவேட்டில் உள்ளதே பெயர் என்பது அவர் கட்சி. தமிழில் எழுதும்போது தமிழ்ச் சொல்லையே எழுத வேண்டும் என்பது என் கட்சி.